உப்பு வெடித்த விசிறி

எங்கள் பட்டறைக்குள் ஈரம் நுழையக் கூடாது. முதல் சட்டமும் அதுதான், கடைசிச் சட்டமும் அதுதான். தண்ணீர் பாட்டில் வாசலிலேயே நின்றுவிட வேண்டும். வியர்வை துடைத்த துண்டை உலைப் பக்கம் உதறக் கூடாது. மழை நாளில் யாராவது குடையோடு எட்டிப் பார்த்தால், “அங்கியே நில்லுங்க, நானே வர்றேன்” என்று ஓடுவேன். உருகிய உலோகத்துக்கும் ஈரத்துக்கும் இருக்கிற பகை மாமியார் மருமகள் பகை மாதிரி கிடையாது. அது என்றைக்காவது பேசித் தீரும். இது பேச நேரமே கொடுக்காது.

இவ்வளவும் தெரிந்தவள் கண்ணெதிரில்தான் அது நடந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி ஒரு வார்ப்புப் பட்டறை வைத்திருக்கிறோம். தகரக் கொட்டகை, ஒரு உலை, அதற்குக் காற்று ஊதுகிற ஒரு புளோயர், ஒரு மூலையில் மண் குவியல், அவ்வளவுதான். எங்கள் ஊர்க் காற்றுக்கு இரும்பு என்றால் பலகாரம். “இங்க இரும்பு கூட ரெண்டு வருஷத்துல கருவாடாப் போயிடும்” என்பார் உப்பு லாரி ஓட்டுகிற ஒருவர். அதனால் உப்பளத்துப் பம்புக்குள் சுற்றுகிற சக்கரம், படகின் பின்னால் தண்ணீரைத் தள்ளுகிற புரொபெல்லர் எல்லாவற்றையும் கன்மெட்டலில் வார்த்துத் தருகிறோம். செம்போடு வெள்ளீயமும் துத்தநாகமும் சேர்ந்த உலோகம் அது. உப்புத் தண்ணீருக்கு லேசில் மசியாது. புரொபெல்லர் என்று எங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். விசிறி என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

உருக்குவது அவர் வேலை, மண் இடிப்பது என் வேலை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள் மண் இடிக்கிற ஆள் வரவில்லை, நான் இடித்தேன். அவன் மறுநாளும் வரவில்லை, நான் மறுநாளும் இடித்தேன். இரண்டு இரும்புப் பெட்டிகள். நடுவில் மரத்தில் செய்த விசிறி ஒன்றை மாதிரியாக வைத்து, மேலும் கீழும் மண்ணை இடித்து இறுக்கிவிட்டு, மாதிரியை மெல்ல உருவி எடுக்க வேண்டும். மண்ணுக்குள் விசிறி வடிவத்தில் ஒரு வெற்றிடம் நிற்கும். அதில் உலோகத்தை ஊற்றுவோம். மண்ணுக்கு மட்டும் ஒரு கை தண்ணீர் உண்டு. பிடித்தால் கொழுக்கட்டையாய் நிற்க வேண்டும், விட்டால் உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. அந்த ஈரத்தையும் ஊற்றுவதற்கு முன் பர்னர் காட்டி உலர்த்திவிடுவேன்.

அந்த மீனவர் எங்களிடம் வந்தது ஒரு திங்கட்கிழமை. ஃபைபர் படகு வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒரு பழைய விசிறி. மூன்று இலைகளில் ஒன்று அடியோடு போயிருந்தது. உள்ளே வந்தவர் பின்னாலேயே அவர் மனைவியும் வந்தார்.

“இன்னாச்சு?” என்றார் என் வீட்டுக்காரர்.

“மணல் திட்டுல தட்டி ஒரு இலை வளைஞ்சுதுண்ணா. கொல்லன் கிட்ட கொடுத்து அடிச்சு நிமுத்துனேன். நல்லாத்தான் ஓடுச்சு. நடுக்கடல்ல உட்டுட்டுப் போயிடுச்சு.”

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்பா, வார்த்ததை யாராவது சூடு பண்ணாம பச்சையா வெச்சு அடிப்பானா? கத்தி, அரிவாள், மம்புட்டி, அதெல்லாம் அடிச்சு வளந்த புள்ளைங்க. அதுங்க அடி தாங்கும். இது ஊத்தி வளந்தது. வார்த்ததுக்கு அடி ஆகாதுப்பா.”

“அது இப்பத்தானே சொல்றீங்க” என்றார் மனைவி.

அவர் கதையை மனைவிதான் முழுதாகச் சொன்னார். இன்ஜின் ஓடுகிறது, படகு நகரவில்லை. போனில் டவர் இல்லை. ஒரு பகலும் ஓர் இரவும் தண்ணீர் இழுத்த பக்கமெல்லாம் போயிருக்கிறார். மறுநாள் வேறு ஊர்ப் படகுக்காரர்கள் பார்த்து, கயிறு கட்டி இழுத்து வந்து பொம்மையார்பாளையம் கரையில் விட்டிருக்கிறார்கள்.

“ஊர்ல ஒப்பாரி வெக்கவே ஆரம்பிச்சிட்டாங்கக்கா. இவரு ஒரு ஷேர் ஆட்டோல வந்து இறங்கி, ‘இன்னாடி வாசல்ல கூட்டம்’ன்றாரு.” சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “இனிமே அந்தப் படகுல இன்னா மாட்டறாங்கன்னு நான் என் கண்ணால பாக்கணும். என் தாலி இந்த விசிறியிலதான்கா கட்டித் தொங்குது.”

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. கருவாடு போடுகிற பெண். வாயைத் திறந்தால் வார்த்தை துள்ளும். ஊற்றுகிற அன்றைக்கு வந்து பார்க்கிறேன் என்று கேட்டபோது, என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான்தான், “வரட்டும், ஓரமா நிக்கட்டும்” என்றேன்.

புதன்கிழமை காலை பத்து மணி. உலை கொதி நிலையில் இருக்கிறது. உருக்குகிற சட்டியை மூசை என்போம், அதற்குள் உலோகம் ஆரஞ்சு நிறத்தில் தளதளக்கிறது. மீனவர் வாசலில் நிற்கிறார், போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு. அவர் மனைவி தூண் ஓரம். இடுப்பில் ஒரு சுருக்குப் பை.

“ஏன்கா, இந்தச் சட்டியில ஒரு ஆழாக்கு அரிசி போட்டா வெந்துடுமா?”

“சட்டியே மிஞ்சாது, நீ சோத்தைக் கேக்கற” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

“கொஞ்சம் உப்பும் மிளகாயும் கொண்ணாந்திருக்கேன். இவருக்கும் அந்தப் பெட்டிக்கும் சேத்து சுத்திப் போட்டுடட்டுமா?”

அது புதிதில்லை. விசிறி வார்க்க வருகிறவர்கள் தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், கண் கழிப்பார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று பயப்படுகிற ஊர். ஒரு நாள் கடலில் காணாமல் போய் உயிரோடு திரும்பியவர் மேல் எத்தனை கண் இருக்கும்! கரண்டிகளையும் குறடுகளையும் சூடாக்கி உலர்த்த வாசலோரம் சின்னதாக ஒரு விறகு நெருப்பு வைத்திருப்போம். அதைக் காட்டினேன். “அதுல போடு. இந்தப் பக்கம் வராத.”

“சரிக்கா.”

மூசையை உலையிலிருந்து எடுத்தோம். அதைத் தூக்குகிற இரும்பு வளையத்துக்கு இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடி. ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நான். ஐந்தடி தூரத்தில் மண் பெட்டி. அந்த ஐந்தடியில் பேச்சு கிடையாது, தும்மல் கிடையாது. கண் மூசையை விட்டு நகரக் கூடாது. அதனால்தான் நான் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

முதலில் கேட்டது வளையல் சத்தம். மிக அருகில். அப்புறம் மூசைக்குள் வெள்ளையாக ஏதோ விழுந்தது.

பட்டாசுக் கடை பற்றிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். உலோகம் எழும்பித் தெறித்தது. நெருப்புத் துளிகள் தகரக் கூரையில் மோதிக் கீழே உதிர்ந்தன. ஒன்று என் முழங்கைக்குக் கீழே விழுந்தது. கையை விட முடியாது. நான் விட்டால் அவர் கால் போகும், என் கால் போகும், அவள் காலும் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் சதை வேகிற வாசனையை நானே முகர்ந்தேன். எதிரில் அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு வெளுத்து அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை.

“நட” என்றார். ஒரே வார்த்தை.

நடந்தோம். மேலே மிதந்த கறுப்புக் கசடை ஒதுக்கிவிட்டு பெட்டிக்குள் ஊற்றினோம். கீழே வைக்க வழியில்லை, உலைக்குத் திருப்பிக் கொண்டுபோகத் தெம்பில்லை. கையில் இருக்கிற நெருப்பை எங்கேயாவது ஊற்றித்தானே ஆக வேண்டும்? ஊற்றி முடித்து மூசையை வைத்தோம்.

“ஏம்மா! அறிவிருக்குதா உனக்கு? மூணு பேரும் செத்திருப்போம்!” என் வீட்டுக்காரர் கத்தின கத்தலில் உப்பளத்துக் கொக்கு பறந்திருக்கும்.

அந்தப் பெண் சொன்னாள்: “அந்தக் குட்டி நெருப்புல போட்டா இவரு மேல இருக்கிற கண்ணு தீருமா? அம்மாம் பெரிய நெருப்பு இருக்கச் சொல்ல…”

அது நம்ம ஊர் உப்பு. கருவாட்டுக்கு என்று அன்றைக்குக் காலையில் அம்பாரத்திலிருந்து அள்ளிய உப்பு. கல் கல்லாக இருக்கும், தொட்டால் உலர்ந்த மாதிரிதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு கல்லும் வயிற்றுக்குள் ஒரு சொட்டுக் கடலை ஒளித்து வைத்திருக்கும். அடுப்பில் போட்டால் அது படபடவென்று வெடிப்பதே அதனால்தான். நாம் அதைக் கண் திருஷ்டி என்கிறோம்.

நான் அதிர்ந்தது அங்கே முடியவில்லை. வாசலில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மீனவர் ஓடி வந்தார். திட்டப் போகிறார் மனைவியை என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் வெளிச்சம்.

“பாத்தீங்களாண்ணா? பாத்தியாடி? எம்மாங் கண்ணு! யப்பா, கூர வரைக்கும் போச்சே! அம்மாம் கண்ணும் இன்னியோட தொலைஞ்சுது. இந்த விசிறி இனிமே எமன் கையாலயும் உடையாது!”

என் கையில் தண்ணீர் ஊற்றக்கூட அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை பெட்டியைப் பிரித்தோம். மண் உதிர உதிர விசிறி வெளியே வந்தது. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு அழகு. மூன்று இலையும் மொழுமொழுவென்று, ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது. நான் இடித்த மண்ணில் அப்படி ஒன்று அதுவரை வந்ததில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேன். அரம் போட்டுத் தேய்க்கும்போதுதான் ஓர் இலையின் அடியில், நடுக்குமிழோடு சேர்கிற இடத்தில், கடுகு அளவு ஒரு புள்ளி தெரிந்தது. ஊசியை விட்டுப் பார்த்தேன். இறங்கியது. இன்னும் தள்ளினேன், இன்னும் இறங்கியது. ஊசியில் பாதி உள்ளே போனதும் கையை எடுத்துக்கொண்டேன். வெளியே கடுகு, உள்ளே எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? உப்பின் ஈரம் கொடுத்த காற்று எங்கேயாவது போய் ஒளிந்துதானே இருக்கும்?

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். புள்ளி மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“பத்த வெச்சு அடைச்சுடலாம்” என்றார்.

“மேல அடைக்கலாம். உள்ள?”

“உள்ள ஒண்ணும் இருக்காது.”

“இருந்தா?”

“வேற ஊத்தித் தர்றேன்னு நேத்தே கேட்டேனே. அவன் இன்னா சொன்னான்? ‘இதை உட்டு வேறெதையும் தொட மாட்டேன்’னான். வெடிச்சதாலதான் அவனுக்கு அது வேணுமாம். அவனே கேக்கறான், நீ ஏன் குறுக்க நிக்கற?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசாமல் இருந்தேன். அதோடு நிற்கவில்லை. அவர் பித்தளைக் கம்பியை உருக்கி அந்தப் புள்ளியை அடைத்தபோது விசிறியைப் பிடித்துக்கொண்டேன். பாலிஷ் சக்கரத்தில் தேய்த்தபோதும் பிடித்துக்கொண்டேன். என் கைதான். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், சட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் மூடிபோட்டேன். அடைத்த இடம் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் மஞ்சளாக, கூடுதலாக மின்னியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். தனியாக வரவில்லை. கூடவே அவர்கள் குப்பத்தைச் சேர்ந்த இரண்டு படகுக்காரர்கள். இரண்டு பேர் கையிலும் ஒரு பாலிதீன் பை. பையில் உப்பு.

“இது இன்னாது?” என்றார் என் வீட்டுக்காரர்.

“வாட்ஸ்அப்ல பாத்தோம்ண்ணா” என்றார் அவர்களில் மூத்தவர். “தம்பி போட்ட வீடியோ. குரூப்பு பூரா அதான் ஓடுது. எங்களுக்கும் அதே மாதிரி உப்பு வெடிச்ச விசிறி ஒண்ணு வேணும். உப்பு நாங்களே கொண்ணாந்துட்டோம். அளத்துலேர்ந்து நேரா.”

இன்னொருவர் சேர்த்துக்கொண்டார்: “நல்லா வெடிக்கட்டும்னு கொஞ்சம் தண்ணி தெளிச்சே எடுத்தாந்தேன்.”

என் வீட்டுக்காரர் அப்படியே மண் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். தண்ணி தெளிச்சே எடுத்தாந்தேன்! நேற்று ஒரு கைப்பிடி. இனி எத்தனை பட்டறையில், எத்தனை மூசையில், எவன் கால், எவன் கண்?

அதற்குள் அந்தப் பெண் விசிறியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் துடைத்தாள். குங்குமச் சிமிழை எடுத்தாள். பொட்டு வைக்க நல்ல இடமாகத் தேடினாள். எந்த இடம் அதிகமாக மின்னுகிறதோ அந்த இடத்தில் வைத்தாள்.

நாங்கள் அடைத்த இடத்தில்.

“அத எடுத்துட்டுப் போகாத” என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது.

“இன்னாக்கா?”

“அதுல ஓட்டை இருக்குது. நீ பொட்டு வெச்சியே, அதே இடத்துல. காலையில நாங்க அடைச்சோம். உன் உப்பு கண்ணைக் கழிக்கலைம்மா, உலோகத்தைக் கெடுத்துருச்சு. அதைக் கடலுக்கு எடுத்துட்டுப் போனா உன் வீட்டுக்காரரு மறுபடி நடுக்கடல்ல நிப்பாரு.”

மீனவருக்கு முகம் சிவந்தது. “இன்னாக்கா, பொட்டு வெச்சதுக்கு அப்புறம் வாய்ல இப்படி வருது? வெடிச்சதை நாங்க எல்லாம் பாத்தோம் இல்ல? போன தடவை போன விசிறிக்கு யாரும் சுத்திப் போடல, அதான் போச்சு.”

“போன தடவை அடிச்சு நிமுத்தின, அதான் போச்சு” என்றார் என் வீட்டுக்காரர், எழுந்து வந்து. அவர் என் பக்கம் நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அவ சொல்றது நெஜம்ப்பா. நான்தான் அடைக்கலாம்னேன்.”

“எனக்கு இதான் வேணும்.”

“நான் தரலைன்னா?”

“அண்ணா, பொட்டு வெச்சதை வெச்சிக்கிறது பாவம்.”

அந்தப் பெண் விசிறியை மடியிலிருந்து விடவே இல்லை. இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள், குழந்தையை டாக்டர் கேட்டால் தராமல் வைத்துக்கொள்கிற தாய் மாதிரி. வாயால் சொல்லி அவளுக்கு என்ன புரியும்? நான் பேச்சில் பெரிய கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு உண்டு. அன்றைக்கு என்னிடம் ஒரு பழமொழி கூட மிச்சமில்லை.

அலமாரியில் உப்பளத்துக்காரர் ஒருவருக்கு வார்த்து வைத்திருந்த பம்புச் சக்கரம் இருந்தது. அதை ஒரு கயிற்றில் கட்டி, கூரைக் குழாயில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினேன். ணங்ங் என்று இழுத்துக்கொண்டு நின்றது. கோயில் மணிக்கு அண்ணன் மாதிரி.

“இப்ப அதைக் கொடு. உடைக்க மாட்டேன். தட்டிட்டு உன் மடியிலயே திருப்பி வெக்கறேன்.”

மெல்லக் கையைத் தளர்த்தினாள். கொடுத்தாள். கட்டித் தொங்கவிட்டேன். தட்டினேன்.

டொக்.

“ஒண்ணு சக்கரம், ஒண்ணு விசிறி. சத்தம் ஒண்ணா வருமா?” என்றார் மீனவர். நியாயமான கேள்விதான்.

“திருப்பித் தட்டுங்கக்கா” என்றாள் அவள்.

தட்டினேன். இலை ஒவ்வொன்றிலும் தட்டினேன். இரண்டு இலை ஓரளவுக்குப் பாடியது. பொட்டு வைத்த இலை மட்டும் டொக் என்று அங்கேயே செத்தது. அவள் எழுந்து வந்து, என் கையிலிருந்து சுத்தியை வாங்கி, தானே தட்டினாள். காதை அருகில் வைத்துக் கேட்டாள்.

“பானை வாங்கச் சொல்ல தட்டித்தானே வாங்கறோம்” என்றாள் கணவனிடம். “இந்தச் சத்தம் வந்தா நான் ஒரு தண்ணிப் பானை வாங்க மாட்டேன். உன்னை இத நம்பி அனுப்புவேனா?”

“ஏய், பொட்டு வெச்சிருக்கடி.”

“நான்தானே வெச்சேன்.” சேலைத் தலைப்பால் குங்குமத்தை அழித்தாள். “உடைச்சுடுங்கண்ணா.”

என் வீட்டுக்காரர் விசிறியை இரும்புக் கட்டை மேல் சாய்த்து வைத்தார். பெரிய சம்மட்டியை எடுத்தார். நன்றாக வந்த கன்மெட்டல் லேசில் உடையாது. வளையும், முரண்டு பிடிக்கும், எட்டு அடி பத்து அடி வாங்கும். வார்ப்புக்கு அடி ஆகாது என்பது பேச்சுக்கு. அதற்கும் ஒரு மானம் உண்டு. நானும் எட்டு பத்து அடி ஆகும் என்றுதான் தள்ளி நின்றேன்.

ஒரே அடி.

பிஸ்கெட் மாதிரி. இலை தனியாகப் பறந்து தகரத்தில் மோதி விழுந்தது. ஓங்கிய வேகத்தில் சம்மட்டி கட்டையில் பட்டு எகிறியது. அடித்தவரே இரண்டு அடி பின்வாங்கினார்.

உடைந்த வாயைப் பார்த்தோம். ஆப்பத்தைப் பிய்த்துப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும்? அப்படி. கறுப்பும் சாம்பலுமாக ஓட்டை, ஓட்டைக்குள் ஓட்டை. மேலே மட்டும் ஒரு நகக் கனத்துக்கு நல்ல உலோகம், மொழுமொழுவென்று. காலையில் நான் பிடித்துக்கொண்டு பாலிஷ் போட்டது அந்த நகக் கனத்துக்குத்தான். ஓட்டை இருக்கும் என்று தெரிந்திருந்தவள் நான். இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. தெரியாது என்று இப்போது எழுதுகிறேன். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன் என்பதுதான் சரி.

பாலிதீன் பையோடு வந்த இரண்டு பேரும் வாய் பிளந்து நின்றார்கள்.

“ஒரே அடி” என்றார் மீனவர். சிரிக்க முயன்றார். வரவில்லை. “ஒரே அடிண்ணா.”

அந்தப் பெண் உடைந்த இலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைக் கேட்டாள், கோபமே இல்லாமல்:

“எம்மாந் தூரம் போயிருக்கும்கா, இத மாட்டி இருந்தா?”

மணல் திட்டைத் தாண்டுவதற்குள் உடைந்திருந்தால் நீந்தி வந்திருப்பார். தாண்டிப் போய் உடைந்திருந்தால்? காற்று நாளில் உடைந்திருந்தால்? போன முறை வந்த வேறு ஊர்ப் படகு இந்த முறை வராமல் இருந்திருந்தால்?

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இலையைக் கையில் பிடித்தபடியே அந்த இரண்டு பேரிடம் போனாள். “அண்ணா, அந்த உப்ப வெளில கொட்டிட்டு உள்ள வாங்க. போனை எடுங்க. நேத்து வீடியோ பாத்தவன் எல்லாம் இதையும் பாக்கணும்.” கணவர் பக்கம் திரும்பி, “நீயும் எடு, நீதானே மொதல்ல போட்ட” என்றாள். உடைந்த வாய் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இது நான் பண்ண வேலை. எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க” என்றாள். அவள் பண்ணிய வேலையில் பாதி என்னுடையது. அதை நான் கேமரா முன்னால் வந்து சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சனிக்கிழமை புதிதாக வார்த்தோம். பழைய உலோகம் வேண்டாம் என்று அதை ஒதுக்கிவிட்டு, புதுக் கட்டிகளை உருக்கினோம். இந்த முறை விசிறியோடு, அதே மூசையிலிருந்து விரல் கனத்தில் ஒரு கம்பியையும் என் வீட்டுக்காரர் தனியாக ஊற்றினார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. ஆறியதும் அந்தக் கம்பியை மீனவர் கையில் கொடுத்து, கூடவே சம்மட்டியும் கொடுத்தார்.

“நீயே அடி.”

மீனவர் அடித்தார். கம்பி வளைந்தது. திருப்பிப் போட்டு அடித்தார். இன்னும் வளைந்தது. வியர்த்துக் கொட்ட அடித்துக்கொண்டே இருந்தார். மீன் தூண்டில் மாதிரி கொக்கியாக வளைந்ததே தவிர உடையவில்லை. ஒரு நிலையில் அவர் மனைவி, “போதும் உடுய்யா, அது என்ன உன் பங்காளியா?” என்றதும்தான் நிறுத்தினார்.

திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் படகை இறக்கப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு நான் மண் இடிக்கவில்லை. எத்தனையோ விசிறி செய்து கொடுத்திருக்கிறேன். கொடுத்த மறுநாள் அது எங்கே சுற்றுகிறது என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அன்றைக்கு ஒன்பது மணிக்குப் போனைப் பார்த்தேன், பத்து மணிக்குப் பார்த்தேன். சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் உலையை மூட்டாமல், மூட்டப் போகிறவர் மாதிரி அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தார். “டீ குடிக்கறியா?” என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் போடவில்லை.

பதினொன்றே முக்காலுக்குப் போன் வந்தது. பின்னால் அலைச் சத்தமும், ஏலம் கூவுகிற சத்தமும்.

“வந்துட்டாருக்கா” என்றாள். நான் ஏதோ கேட்க ஆரம்பிப்பதற்குள், “மீன் வெயில்ல காயுது, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.